இரண்டு முனையிலும் கறுப்பு நூல்

மேலகரம்
20-1-2025

அன்புத் தங்கை லூர்துவுக்கு,

அக்கா புஷ்பம் எழுதுவது. சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே பொய் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? மடத்துத் தரை ஈரம் இன்னும் காலில் ஏறுகிறதா?

முதலில் நல்ல செய்தி. நம் ஷாரோனுக்கு ஆலங்குளத்தில் மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. கூட்டுறவு வங்கியில் வேலை. ஆள் லட்சணம், பேச்சு குறைவு. நம் வீட்டுக்கு அப்படி ஒருவர் தேவைதான். ஈஸ்டர் கழிந்து மே பன்னிரண்டாம் தேதி நம் கோவிலில் கல்யாணம்.

இனி மற்றது. டிசம்பரில் இடது மார்பில் ஒரு கட்டி என்று திருநெல்வேலிக்குப் போனோம். கட்டியை மட்டும் எடுத்தால் போதாது என்று மார்பையே எடுத்துவிட்டார்கள். புற்று. கிறிஸ்துமஸுக்கு உனக்கு எழுதாததற்கு அதுதான் காரணம், சோம்பல் இல்லை. புண் ஆறியதும் மார்ச்சில் கீமோ ஊசி தொடங்க வேண்டுமாம். தொடங்கி இரண்டு வாரத்தில் தலைமுடி முழுவதும் கொட்டிவிடும் என்கிறார்கள். அங்கே மாரிச்செல்வி என்று ஒரு நர்ஸ், ஷாரோன் வயதுதான் இருக்கும். என் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "முன்னாடியே கட்டையா வெட்டிருங்கம்மா. கொத்துக் கொத்தா கையோட வரும்போது மனசு தாங்காது. நான் தெனமும் பாக்கேன், அதான் சொல்லுதேன்" என்றாள்.

உன் மச்சான் கேட்ட மாத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டார். "வெட்டுத சோலியே வேண்டாம். நாளைக்கே ஊரு பூரா என்ன ஏதுன்னு கேக்கும். ஆலங்குளத்துக்காரங்க காதுல விழுந்தா பொண்ண எடுப்பாவளா?" என்றார். சம்பந்தி வீட்டுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்.

நம் வீட்டில் தலைமுடியை வெட்டிக்கொண்ட பெண் நீ ஒருத்திதான். அதனால் உன்னைக் கேட்கிறேன். உனக்குத் துறவு உடுப்புக் கொடுத்த அன்று முடியை வெட்டினார்களே, எப்படி இருந்தது? வெட்டுவது மேலா, தானாகப் போகட்டும் என்று விடுவது மேலா? உள்ளதைச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். மதருக்கு என் வணக்கம்.

உன் அக்கா
புஷ்பம்


கொட்டாரக்கரை
2-2-2025

கிறிஸ்துவில் அன்புமிக்க அக்காவுக்கு,

இறையருளால் நாங்கள் அனைவரும் நலம். அங்கு மச்சான் அவர்களும் ஷாரோனும் நலம்தானே. தங்கள் மடல் கண்டு மிகவும் வருந்தினேன். மதர் அவர்களிடம் கூறினேன். ஒன்பது நாள் நவநாள் தங்கள் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது.

சிலுவையின்றி மகிமை இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தலைமுடி அழிந்துபோகும் உடலின் ஒரு சிறு பகுதியே. நமது தலைமுடி ஒவ்வொன்றையும் எண்ணி வைத்திருக்கும் பரம தந்தை அதையும் பார்த்துக்கொள்வார். தாங்கள் எதற்கும் கலங்க வேண்டாம். ஷாரோனின் திருமணம் நல்லபடியாக நிறைவேற எங்கள் செபங்கள்.

வேளாவேளைக்கு மருந்து உட்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவில் தங்கள் சகோதரி
சகோ. தெரசிட்டா


மேலகரம்
26-2-2025

லூர்துவுக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

சகோதரி தெரசிட்டா எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. லூர்து எழுதியது இன்னும் வரவில்லை. எப்போதிருந்து நான் உனக்குத் 'தாங்கள்' ஆனேன்? குற்றாலத்தில் பெண்கள் பக்கத்து அருவியில் என் பின்னலைப் பிடித்துக்கொண்டுதானே நீ குளிப்பாய், தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று. அந்தக் கழுதையிடம்தான் நான் கேட்டேன். கடிதங்களை மதர் பிரித்துப் பார்ப்பார்கள் என்று தெரியும். பார்க்கட்டும், அவர்களும் பெண்தான்.

இப்போது கவனமாகப் படி. மே மாதம் மண்டபத்தில் சம்பந்தி அம்மாள் தன் கையால் என் தலையில் பூ வைத்துவிட வேண்டும், நான் அவளுக்கு வைக்க வேண்டும். நம் பக்கத்து வழக்கம் உனக்கு மறந்திருக்காது. அத்தனை பேர் முன்னால் ஊசி குத்திப் பூ வைக்கிற தலையில் கடையில் வாங்கின விக் நிற்குமா? அதனால் ஷாரோனும் நானும் உன் மச்சானுக்குத் தெரியாமல் செங்கோட்டைக்குப் போய் இத்ரீஸ் பாயைப் பார்த்தோம். நாடகக்காரர்களுக்கு விக் கட்டிக்கொடுத்தவர். என் சொந்த முடியிலேயே, என் தலை அளவுக்கு, இழை இழையாகத் தைத்துத் தருகிறேன் என்றார். "ஆனா வெட்டின முடிதான் வேணும். வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் இருக்கணும். கொட்டின முடி கலந்து சிக்காயிரும், அது முழுத்தலைக்கு ஆகாது" என்றார். அலசி, காய வைத்து, பின்னி, பின்னலின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் கறுப்பு நூலால் இறுகக் கட்டி, மேல் கட்டுக்கு மேலே வெட்ட வேண்டுமாம். தைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி முதல் ஊசி. அதற்குப் பிறகு என்றைக்கு வேண்டுமானாலும் கொட்டலாம்.

விஷயம் தெரிந்து உன் மச்சான் குதித்தார். கடைசியில், "லூர்து என்ன சொல்லுதோ அதக் கேப்போம்" என்றேன். அவரும், "கன்னியாஸ்திரி வாயால வெட்டுன்னு வந்தா நான் ஒண்ணும் சொல்லல" என்று ஒத்துக்கொண்டார். எனக்கும் மனது நிலையாக இல்லை. விடிந்தால் வெட்டலாம் என்று இருக்கிறது, தலை பின்னும்போது முடியவில்லை. நீ சொல்கிறபடி செய்கிறேன். வெட்டு, வேண்டாம், இரண்டில் ஒன்று. ஒரு கார்டு போதும்.

சாம்பல் புதனோடு உங்கள் மடத்தில் தவக்காலக் கட்டுப்பாடு வந்துவிடும், ஈஸ்டர் வரை கடிதம் கிடையாது என்று தெரியும். அதற்கு முன் கிடைக்கத்தான் நானே தென்காசிக்குப் போய் விரைவுத் தபாலில் போடுகிறேன். தாமதமானால் மதரிடம் கேள், நோயாளி என்றால் விடுவார்கள். மடத்துக்குப் போன் பண்ணலாம் என்கிறாள் ஷாரோன். அந்தப் போன் சாவுக்கும் அரிசி மூட்டைக்கும்தான், தலைமுடிக்கு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மேலகரம்
19-3-2025

அன்பு லூர்துவுக்கு,

முதல் ஊசி போட்டாயிற்று. வாயெல்லாம் துருப்பிடித்த ருசி, மூன்று நாள் வாந்தி, இப்போது பரவாயில்லை. நீ சுகம்தானே?

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் மந்திரமூர்த்தியை வழியில் மறித்துக் கேட்டேன். "வந்தா தராம எங்க வச்சிருக்கப் போறேன், அக்கா?" என்று சிரிக்கிறார். சாம்பல் புதனுக்கு முந்தின நாளே மடத்தில் கொடுத்தாகிவிட்டது என்று ஷாரோன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாள். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்.

நான் ஒன்றும் உன் பதிலுக்காக வழி பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. கல்யாணச் சேலை எடுக்க, பந்தலுக்குச் சொல்ல என்று வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. முடி இன்னும் இருக்கிறது. இழுத்தால்கூட வரவில்லை. சிலருக்குக் கொட்டாதாம், மிஸ்ரியாவின் மாமியார் சொன்னாள். மிஸ்ரியா பக்கத்து வீட்டுக்காரி.

இதையும் உனக்கு ஈஸ்டருக்குத்தான் கொடுப்பார்களோ என்னவோ. எழுதிவிட்டேன், போடுகிறேன்.

அக்கா


மேலகரம்
3-4-2025

லூர்து,

சுகம் விசாரிக்கத் தெம்பில்லை.

போன வியாழக்கிழமை குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றினேன். பின்னல் அப்படியே கனத்துக் கீழே இறங்குவது தெரிந்தது. கையை வைத்தேன். பின்னந்தலை வழுக்கென்று இருந்தது. பாதி பின்னலில் தொங்கியது, மீதி முகத்திலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டது. வாய்க்குள் போய்விட்டது. நான் கத்திய கத்தலில் உன் மச்சான் கதவை உடைக்கப் பார்த்தார். ஷாரோன்தான் உள்ளே வந்து என் வாயிலிருந்து முடியை எடுத்தாள்.

எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து ஒரு பையில் போட்டு அவளே செங்கோட்டைக்குக் கொண்டுபோனாள். இத்ரீஸ் பாய் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நம்பிக்கையில்லாத சரக்கு, மோளே. ஒண்ணும் செய்ய முடியாது" என்று திருப்பித் தந்துவிட்டாராம்.

உன் மச்சான் இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பவும் இல்லை.

நான் உன்னிடம் ஒரு சொல் கேட்டேன், லூர்து. வேண்டாம் என்று எழுதியிருந்தால்கூட என் தங்கச்சி சொன்னாள் என்று இருந்திருப்பேன்.

புஷ்பம்


கொட்டாரக்கரை
20-4-2025, உயிர்ப்பு ஞாயிறு

அக்கா,

நான் சுகம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? காலைப் பூசை முடிந்து மூன்று கடிதங்களையும் ஒன்றாகப் பிரித்தேன். இப்போது மணி பன்னிரண்டு. சாப்பாட்டு மணி அடித்தது, நான் போகவில்லை.

உன் பிப்ரவரிக் கடிதம் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் மாலையே வந்துவிட்டது. ஷாரோனின் கம்ப்யூட்டர் சொன்னது சரிதான். மதர் என்னைக் கூப்பிட்டு, பிரிக்காமலே கையில் கொடுத்து, "உன் அக்கா நோயாளி. இதைப் படி, பதிலும் எழுது, தவக்காலம் என்று பார்க்காதே" என்றார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். இங்கே ஒவ்வொருவரும் தவக்காலத்துக்கு ஒரு ஒறுத்தல் எடுப்போம். உப்பை விடுவார்கள், போர்வையை விடுவார்கள். எனக்கு எதை விட்டால் அதிகம் வலிக்கும் என்று யோசித்தேன். உன் கடிதம்தான். அதைப் படிக்காமல் இருப்பதை உன் சுகத்துக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்று மாதா பாதத்தில் வைத்துவிட்டேன். பின்னால் வந்த இரண்டையும் அங்கேயே வைத்தேன். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டிப் போகும்போது கை துடிக்கும். துடிக்கத் துடிக்க நல்லது, அக்கா பிழைப்பாள் என்று நினைத்தேன். பெரிய காரியம் செய்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. நீ அங்கே தபால்காரரை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறாய்.

நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எல்லோரும் பார்க்கச் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். முதல் வெட்டு விழுந்ததும் கழுத்தில் காற்று பட்டது. உடம்பில் துணியே இல்லாததுபோல் ஆகிவிட்டது. அறைக்குப் போய்த் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். ஒரு மாதம் வரை தூக்கத்தில் பின்னலைத் தள்ளிப்போடக் கை பின்னால் போகும். ஆனாலும் அக்கா, நான் உட்கார்ந்து, நான் சரி என்று சொல்லி, அதன்பிறகு வெட்டினார்கள். அதனால்தான் தாங்கினேன். இங்கே இப்போது எல்லோர் தலையையும் நான்தான் வெட்டுகிறேன். புதிதாக வரும் பிள்ளைகளிடம் சரி என்று வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் கத்திரியை எடுப்பேன்.

வெட்டு. அதுதான் என் பதில். அன்றே பிரித்திருந்தால் அன்றே எழுதியிருப்பேன்.

சம்பந்தி வீட்டுக்கு உண்மையைச் சொல்லிவிடச் சொல் மச்சானிடம். இன்னும் நேரம் இருக்கிறது. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

லூர்து


மேலகரம்
25-5-2025

அன்பு லூர்துவுக்கு,

நலம்தானே? உன் ஈஸ்டர் கடிதம் கிடைத்தது. கல்யாண வேலையில் பதில் எழுதவில்லை. அப்படியே வைத்துக்கொள்.

கல்யாணம் முடிந்தது. ஷாரோன் மணவறையில் மாதா சுரூபம் மாதிரி நின்றாள். சம்பந்தி வீட்டுக்கு உன் மச்சான் சொல்லவில்லை. "தாலி ஏறட்டும், அப்புறம் நானே சொல்லுதேன்" என்றார். திருநெல்வேலியில் ஒரு விக் வாங்கினோம். கடைப் பொம்மைக்கு வைத்ததுபோல் வழவழவென்று இருந்தது. கோவிலில் முக்காடு போட்டிருந்ததால் பிழைத்தேன்.

மண்டபத்தில் சம்பந்தி அம்மாள் மல்லிகைப் பூவோடு வந்தாள். கொண்டை ஊசியைக் குத்தி ஒரு அழுத்து அழுத்தினாள். விக் ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகர்ந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. போட்டோக்காரன், "இங்கன பாருங்கம்மா, ரெண்டு பேரும் இங்கன பாருங்க" என்று கத்துகிறான். அவள் உள்ளங்கையால் அதை மெதுவாகத் தள்ளிச் சரிசெய்தாள். பிறகு போட்டோவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். படம் நன்றாக வந்திருக்கிறது.

மறுவீட்டுக்கு வந்தபோது அடுக்களையில் என்னிடம் கேட்டாள். "எத்தன நாளா, மைனி?"

"டிசம்பர்லேர்ந்து."

"மொதல்லயே சொல்லிருந்தா நாங்க என்ன பொண்ணு வேண்டாம்னா சொல்லிருப்போம்?" என்றாள். பிறகு அவளே, "சொல்லிருப்போமோ என்னமோ. ஆனா கேட்டாவது இருப்போம்லா" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஷாரோனுக்கும் இந்த நோய் வருமா என்று ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அவளை அங்கே யாரும் வையவில்லை. இங்கே அனுப்பவும் இல்லை. நோயைப் பார்த்துப் பிள்ளை மனது உடைந்துவிடுமாம், கொஞ்ச நாள் போகட்டுமாம். உன் மச்சான் கடையே கதியென்று கிடக்கிறார்.

சொந்த முடியாக இருந்தால் நகர்ந்திருக்காது என்று நான் எழுதப்போவதில்லை. குளிர்ந்த தரையில் மண்டியிடாதே.

அக்கா


மேலகரம்
20-7-2025

அன்பு லூர்துவுக்கு,

சாரல் நன்றாக இருக்கிறது. உன் முட்டுவலி கூடியிருக்குமே, தைலம் தேய்க்கிறாயா?

நாலு ஊசி முடிந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இனி ஊசி வேண்டாம், அடிக்கடி வரவும் வேண்டாம், வீட்டில் இருந்து பிடித்ததைச் சாப்பிடுங்கள் என்றார். உன் மச்சான் வாசல்வரை வந்துவிட்டு மறுபடி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். அதே பதில்தான்.

மறுநாள் மிஸ்ரியாவைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் ஐந்தருவிக்குப் போனேன். அவள்தான் எனக்கு முக்காட்டை நழுவாமல் ஊசி குத்தப் பழக்கினவள். விக்கைப் பரணில் போட்டுவிட்டேன். பெண்கள் பக்கம் போய் முக்காட்டை அவிழ்த்தேன். சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை, இருந்தாலும் போனேன். முடி இருக்கும்போது அருவி மெத்தென்று விழும். வெறும் தலையில் விழும்போது கல்லால் அடிக்கிறது. கொஞ்ச நேரம்கூட நிற்க முடியவில்லை. பிடித்துக்கொள்ளப் பின்னலும் இல்லை, நீயும் இல்லை. வெளியே வந்து பாறையில் உட்கார்ந்து அழுதேன். மிஸ்ரியா துண்டால் தலையைத் துவட்டிவிட்டு, "ஏக்கா, முடி மொளைக்கி" என்றாள். தடவிப் பார்த்தேன். உண்மைதான். ஊசியை நிறுத்தினால் முளைக்குமாம்.

உனக்குச் சொல்ல இதுதான் செய்தி.

அக்கா


கொட்டாரக்கரை
2-8-2025

என் தங்க அக்கா,

நீ சுகம், நானும் சுகம்! என் முட்டுவலிகூட இன்று தெரியவில்லை. உன் கடிதத்தைத் தாழ்வாரத்தில் நின்றபடியே படித்துவிட்டு மதரிடம் ஓடினேன். ஊசி வேண்டாம் என்றால் நோய் போய்விட்டது என்றுதானே அர்த்தம்! முடியும் முளைக்கிறது! சாயங்காலம் எல்லோரும் நன்றிப் பாடல் பாடினோம். வயதான சகோதரிகள்கூட எழுந்து நின்று பாடினார்கள்.

உன்னிடம் ஒன்று சொல்லலாமா, கோபப்படாதே. ஈஸ்டரிலிருந்து எனக்குச் செபமே வரவில்லை. நான் செய்ததை ஆண்டவர் பார்த்துச் சிரித்திருப்பார் என்றே தோன்றியது. இப்போது அந்த ஒறுத்தலை அவர் தள்ளிவிடவில்லை என்று நினைக்கிறேன். உன் முடியை எடுத்துக்கொண்டு உயிரைத் தந்துவிட்டார்.

முடியை எண்ணெய் வைத்து வளர். ஷாரோனை எப்போது அனுப்புவார்கள்? நிறையச் சாப்பிடு. உடனே எழுது.

உன் லூர்து


மேலகரம்
24-10-2025

அன்பு லூர்துவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருக்கிறது என்று பார்க்காதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். மழைக்குச் சளி பிடித்திருக்கிறது. உடனே எழுதச் சொன்னாய், இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஷாரோன் வந்திருக்கிறாள். அவள் மாமியாரே கொண்டுவந்து விட்டாள். இனி இங்கேதான் இருப்பாளாம், கொஞ்ச நாளைக்கு.

நீங்கள் எல்லோரும் பாடினீர்கள் என்று எழுதியிருந்தாய். வயதானவர்கள் எழுந்து நின்றதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். நல்லது. பாடினது பாடினதாகவே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிய வேண்டும். நீ அன்றைக்கே கடிதத்தைப் பிரித்து, வெட்டு என்று எழுதியிருந்தாலும் நான் வெட்டியிருக்க மாட்டேன். என்னைத் தெரியாதா உனக்கு? ஊசிக்குக்கூடக் கண்ணை மூடிக்கொள்கிறவள். கத்திரியைக் கையில்கூட எடுக்கவில்லை. உன்னைக் கேட்டதெல்லாம் சும்மா, உன்னோடு பேச ஒரு சாக்கு. அதனால் அந்தப் பழியை நீ சுமக்காதே. உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. இப்போது இல்லை.

முடி இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டது. சுருள் சுருளாக, நம் அப்பா தலை மாதிரி. நீ பார்த்தால் சிரிப்பாய்.

மதருக்கும் மற்றவர்களுக்கும் என் வணக்கம். போர்த்திக்கொண்டு படு.

உன் அக்கா
புஷ்பம்


மேலகரம்
22-11-2025

அன்புள்ள சித்திக்கு,

ஷாரோன் எழுதுகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? அன்று போனில் அம்மா போய்விட்டாள் என்று சொன்னதும் நீங்கள் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நான் வைத்துவிட்டேன். அடக்கத்துக்கு உங்களால் வர முடியாது என்று அம்மா முன்னமே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். "அவளக் கொற சொல்லி யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்று அத்தைகளிடம் சண்டையே போட்டாள்.

எனக்கு எடுத்த டெஸ்டில் ஒன்றும் இல்லை. அப்பா பேசுவதில்லை, சாப்பிடுகிறார்.

நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது என்று ஜூலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார், சித்தி. உங்களுக்குத் தெரியாது என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் ஆகஸ்ட் கடிதம் அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தது. "சந்தோசமா பாடிருக்காளுவ. அதப் போயி எதுக்குக் கெடுக்கணும்" என்று மிஸ்ரியா அக்காவிடம் சொன்னாளாம்.

பெட்டியில் வைத்தபோது முடி நன்றாக வளர்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லாம், நோயாளி என்றே சொல்ல முடியாது, முடி எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்றார்கள். என் மாமியார் பூ வாங்கி வந்திருந்தார்கள். ஊசி நிற்கும் அளவுக்கு முடி இல்லை. வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, காதோரம் சாத்திவிட்டார்கள்.

அம்மாவின் பீரோவை நேற்று ஒழுங்குபடுத்தினேன். ஒரு சின்னக் கத்திரிக்கோல் இருந்தது. அதைப் பார்த்ததும் மார்ச் மாதம் ஞாபகம் வந்துவிட்டது. முதல் ஊசிக்கு நாலு நாள் முன்பு தலையை அலசிக் காய வைத்து, என்னைப் பின்னச் சொல்லி, இரண்டு முனையிலும் கறுப்பு நூலை அம்மாவே இறுகக் கட்டிக்கொண்டாள். கத்திரியை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நேராக உட்கார்ந்தாள். மந்திரமூர்த்தி அண்ணாச்சி சைக்கிள் நம் வீட்டைத் தாண்டிப் போனதும், "நாளைக்கு வரும்ட்டி, லூர்து எழுதாம இருக்க மாட்டா" என்று எழுந்து போவாள். மறுநாளும் அப்படியே. வெட்டித் தொலைக்கலாம் என்று நான் எத்தனை தடவை கத்திரியைப் பிடுங்கினேன். "அவ ஒத்தச் சொல்லு சொல்லட்டும், நானே குனிஞ்சு குடுக்கேன்" என்பாள். குளிக்கும்போதுகூட அந்த நூலை அவிழ்க்கவில்லை. கொட்டின அன்றும் பின்னலில் அந்தக் கட்டு அப்படியே இருந்தது. பாவம், அம்மாவுக்கு உங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. மடம்வரை வந்த கடிதம் உங்கள் கைக்கு வராமல் எங்கே தவறிப்போனதோ.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சித்தி. அம்மா இருந்தால் அதைத்தான் எழுதுவாள்.

அன்புடன்
ஷாரோன்


கொட்டாரக்கரை
4-12-2025

அன்பு ஷாரோனுக்கு,

சித்தி எழுதுகிறேன். நான் நடமாடுகிறேன். நீயும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட வேண்டும். அவர் பேசாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்.

இது திருவருகைக்காலம். கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் வாங்கவும் எழுதவும் கூடாது. இந்தமுறை மதரிடம் நான் அனுமதி கேட்கவில்லை, எழுதுகிறேன் என்று சொன்னேன்.

எந்தக் கடிதமும் தவறிப்போகவில்லை, மகளே. உன் அம்மாவின் கடிதம் கேட்ட நேரத்தில் என் கைக்கு வந்துவிட்டது. புண்ணியம் என்று நினைத்து நான்தான் பிரிக்கவில்லை. ஈஸ்டரில் எழுதினேன், உன் அம்மா உங்கள் யாரிடமும் காட்டவில்லை போலிருக்கிறது. நீ சொல்லி அத்தைகளுக்கும் அப்பாவுக்கும் தெரியட்டும். அவள் எனக்காகச் சண்டை போட்டது போதும்.

கடைசிக் கடிதத்தில், நான் என்ன எழுதியிருந்தாலும் வெட்டியிருக்க மாட்டேன், கத்திரியைக் கையில்கூட எடுக்கவில்லை என்று எழுதியிருந்தாள். நான் அதை நம்பினேன். அவள் செத்த செய்தி வந்த பிறகும் நம்பினேன். உன் கடிதம் வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ எழுதியது நல்லது.

அந்தக் கறுப்பு நூல் இரண்டும் எங்கேயாவது கிடக்கிறதா என்று தேடிப் பார். கிடைத்தால் ஒரு கவரில் போட்டு அனுப்பு. வந்த அன்றைக்கே பிரித்துவிடுவேன்.

சித்தி
லூர்து